மண்ணை நம்பிய ஹசன் ஃபாத்தி

நம் சுவரிதழில் விஞ்ஞானிகள், தலைவர்கள், கவிஞர்கள் பற்றியெல்லாம் படித்துவிட்டோம். வீடு கட்டுகிறவர்களைப் பற்றி யாருமே எழுதவில்லை. அதனால் இந்த முறை நான் ஒரு கட்டடக் கலைஞரின் கதையைச் சொல்கிறேன். அவர் பெயர் ஹசன் ஃபாத்தி. ஊர் எகிப்து. பிரமிடுகள் இருக்கிற அதே எகிப்துதான். ஆனால் இவர் ராஜாக்களுக்காகக் கல்லில் கட்டவில்லை. ஏழைகளுக்காக மண்ணில் கட்டினார்.

1900-ஆம் ஆண்டு அலெக்சாந்திரியா நகரில், நிலபுலன் உள்ள பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். அப்பாவுக்குக் கிராமம் என்றாலே பிடிக்காது. அம்மாவுக்கோ கிராமத்தின் மேல் அவ்வளவு ஆசை. அம்மாவின் ஆசைதான் பையனுக்கு வந்தது. விவசாயக் கல்லூரியில் சேரப் போனார். வயலையே பார்க்காத பிள்ளை, பயிரைப் பற்றிக் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? இடம் கிடைக்கவில்லை. கட்டடக் கலை படித்து 1926-ல் பட்டம் வாங்கினார். சொந்தப் பண்ணையிலேயே அவர் முதன்முதலில் கால் வைத்தது 27 வயதில்தான்! போய்ப் பார்த்தால், அங்கே வேலை செய்கிற மக்கள் இருட்டும் அழுக்குமான குடிசைகளில் கிடந்தார்கள். அதைப் பார்த்த பிறகு அவருக்கு மனசே சரியில்லை.

எகிப்து கிராமத்து மக்கள் சுவர் கட்டுவதற்குக் காசு செலவழிப்பதில்லை. நைல் நதிக்கரை மண், கொஞ்சம் மணல், கொஞ்சம் வைக்கோல், தண்ணீர். குழைத்து அச்சில் போட்டு வெயிலில் காயவைத்தால் செங்கல் ரெடி. சூளையே வேண்டாம். சிக்கல் எல்லாம் கூரையில்தான். கூரைக்கு மரம் வேண்டும். எகிப்தில் மரம் அபூர்வம், விலையும் அதிகம். இரண்டாம் உலகப் போர் வந்ததும் மரமும் இரும்பும் வெளியிலிருந்து வருவதே நின்றுபோனது.

அப்படியென்றால் கூரையையும் மண்ணிலேயே போட்டால் என்ன என்று ஃபாத்தி யோசித்தார். வளைவாகக் கட்டிப் பார்த்தார். கீழே சென்ட்ரிங் பலகை கொடுக்காமல் கட்டியதால் பொதபொதவென்று விழுந்துவிட்டது. திரும்பக் கட்டினார், திரும்ப விழுந்தது. அப்போதுதான் அவருடைய அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். தெற்கே அஸ்வான் பக்கம் நூபியர்கள் என்ற மக்கள், பலகையே இல்லாமல் மண் கூரை போடுகிறார்கள் என்று. உடனே கிளம்பிப் போனார். பட்டப்படிப்பில் சொல்லித்தராத வித்தையை அந்தக் கிராமத்துக் கொத்தனார்களிடம் போய்க் கற்றுக்கொண்டார். எனக்கு இவரிடம் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அந்த வித்தையைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். முதலில் அறையின் ஒரு கோடியில் சுவரை உயரமாக எழுப்பிவிடுவார்கள். அந்தச் சுவரின் மேல் சேற்றால் ஒரு வளைவுக் கோடு போடுவார்கள். அளவுகோல் கிடையாது, கண் மட்டம்தான். பிறகு வைக்கோல் அதிகம் கலந்த, எடை குறைந்த மெல்லிய செங்கல்லை அந்தக் கோட்டின் மேல் சாய்வாக ஒட்டுவார்கள். செங்கல் ஈரமாக இருக்கும்போதே விரலால் அதில் பள்ளம் கீறியிருப்பார்கள். அதனால் சேறு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முதல் வரிசை சுவரில் சாய்ந்து நிற்கும், அடுத்த வரிசை முதல் வரிசையில் சாய்ந்து நிற்கும். இப்படியே வரிசை வரிசையாக நகர்ந்து கூரை முழுசாகிவிடும். ஒரு குச்சி கூடத் தேவையில்லை! மழை குறைந்த நாடு என்பதால் அது தாங்கும். லக்சர் நகரத்துக்கு எதிர்க்கரையில் ராமெஸியம் என்ற கோயில் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள மண் செங்கல் கிடங்குகளின் வளைவுகள் 3,000 ஆண்டுகளுக்கும் மேலாக இன்னும் நிற்கின்றன.

மண் வீடு சும்மா பழம்பெருமை இல்லை, குளிர்ச்சிக்கும் அதுதான் நல்லது என்பதையும் சோதித்தே பார்த்தார்கள். 1964-ல் கெய்ரோவில் ஒரு மண் அறையும் ஒரு கான்கிரீட் அறையும் கட்டி வெப்பத்தை அளந்தார்கள். ஒரு நாள் முழுக்க மண் அறைக்குள் 2 டிகிரிக்கு மேல் மாற்றமே இல்லை. கான்கிரீட் அறையோ மதியம் 36 டிகிரிக்குப் போனது, வெளியே இருந்ததைவிட அதிகம். கான்கிரீட் வீட்டு மாடியில் படுப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனிமேல்தான் கதையின் கஷ்டமான பகுதி. லக்சருக்கு எதிர்க்கரையில் குர்னா என்று ஒரு ஊர். அந்த மக்கள் பழைய அரசு அதிகாரிகளின் கல்லறைகள் மேலேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். கல்லறைப் பொருள்கள் திருடு போகின்றன என்று அரசு அவர்களை வேறு இடத்துக்கு மாற்ற முடிவு செய்தது. சுமார் 7,000 பேருக்குப் புது ஊர் கட்டும் பொறுப்பு 1945-ல் ஃபாத்தியிடம் வந்தது. அவர் ஒரே மாதிரி வரிசை வீடுகள் கட்டவில்லை. குடும்பத்துக்கு ஏற்ற வீடு, நடுவில் முற்றம், கூடவே மசூதி, சந்தை, பள்ளிக்கூடம், நாடக அரங்கம் என்று கட்டினார். அஸ்வான் கொத்தனார்களையே வரவழைத்தார்.

ஆனால் மக்கள் வரவில்லை! அவர்களுடைய பிழைப்பு அந்தக் கல்லறைகளையும் அங்கே வரும் சுற்றுலாப் பயணிகளையும் நம்பித்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு வா என்றால் யார் வருவார்கள்? அதோடு, அந்த நாட்டில் குவிமாடம் என்றால் சமாதி ஞாபகம்தான் வரும். இன்னொரு பக்கம் அரசு அலுவலகங்களின் இழுத்தடிப்பு. ஒரு ராத்திரி கரையை வெட்டி வெள்ளத்தைப் புது ஊருக்குள் விட்டார்கள் என்று ஃபாத்தியே எழுதியிருக்கிறார். திட்டம் பாதியில் நின்றது.

நான் இதில் யாரைக் குறை சொல்வது என்று நிறைய யோசித்தேன். வீடு நல்ல வீடுதான், கட்டியவரும் நல்லவர்தான். ஆனால் இடம் மாறலாமா வேண்டாமா என்று அந்த ஊர்க்காரர்களை யாரும் கேட்கவே இல்லை. அந்த முடிவு ஃபாத்தி வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. மண்ணின் குணம் தெரிந்தால் மட்டும் போதாது, மனிதர்களின் பிழைப்பும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மனம் நொந்த ஃபாத்தி 1957-ல் கிரேக்க நாட்டுக்குப் போய்ச் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். திரும்பி வந்து பாலைவனத்தில் புதிய பாரிஸ் என்ற ஊரைக் கட்டினார். (பிரான்சு பாரிஸ் இல்லை, இது எகிப்து பாரிஸ்!) காய்கறி கெடாமல் இருக்க, காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும் கோபுரங்களோடு சந்தை அமைத்தார். 1967-ல் போர் வந்து அதுவும் நின்றது.

அத்தோடு அவர் கதை முடிந்திருக்கலாம். ஆனால் குர்னாவில் நடந்ததை மறைக்காமல் புத்தகமாக எழுதினார். அது 1973-ல் அமெரிக்காவில் வெளியானதும் உலகமே அவரைத் தேடி வந்தது. 1980-ல் ஆகா கான் கட்டடக் கலை விருதின் தலைவர் விருது கிடைத்தது. 1989-ல் கெய்ரோவில் காலமானார். அஸ்வான் பெரிய அணையால் நூபியர்களின் பல ஊர்கள் 1960-களில் தண்ணீரில் மூழ்கிவிட்டன. அவர்களுடைய கூரை வித்தை மட்டும் ஃபாத்தியின் கையைப் பிடித்து உலகம் சுற்றியது. நம்ம ஆரோவில்லில் உள்ள பூமி நிறுவனத்தில் இன்றைக்கும் அதைச் சொல்லித் தருகிறார்கள்.

புதிய குர்னாவில் நிலத்தடி நீர் ஏறி, உப்புப் பிடித்துப் பல வீடுகள் கெட்டன. சிலவற்றை இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டினார்கள். மசூதியும் அரங்கமும் பிற்பாடு யுனெஸ்கோ உதவியுடன் சீரமைக்கப்பட்டன.

மண் வீடு என்றால் ஏழை வீடு என்று நாம் முகம் சுளிக்கிறோம். பணக்கார வீட்டில் பிறந்த ஒருவர் ஐம்பது வருஷத்துக்கு மேல் அந்த மண்ணுக்காகவே பாடுபட்டார். அடுத்த தடவை உங்கள் தெருவில் வீடு கட்டும் கொத்தனாரைப் பார்த்தால், நின்று இரண்டு கேள்வி கேளுங்கள் நண்பர்களே. ஃபாத்தியின் படிப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

– 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு