ஆற்றலின் வழி தேடியவர்

பெருங்களத்தூர் நிலையத்தில் புறப்படவிருக்கும் மின்தொடர்வண்டியைப் பிடிக்க ஒருவர் ஓடுகிறார். முதல் சில நொடிகளில் அவருடைய கால்தசை காலையில் உண்ட இட்லிக்காகக் காத்திருப்பதில்லை. பாஸ்போகிரியேட்டின் என்னும் சேமிப்பைச் செலவிட்டே இயங்குகிறது. அப்பொருளின் இயல்பைக் கண்டறிந்த இருவருள் ஒருவர், அதே தடத்திலுள்ள பூங்கா நிலையத்துக்கு அருகிலிருக்கும் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்பது அவர் பெயர்.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895 ஜனவரி 12 அன்று ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னையில் எழுதித் தேறினார். மாநிலக் கல்லூரியில் இடைநிலைக் கல்வி முடித்து மருத்துவம் பயிலச் சென்றார். அக்காலத்தில் சகோதரர் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல்நோய்க்கு அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். மருத்துவ மாணவராக இருந்தும் ஒன்றும் செய்ய இயலாத அந்நிலை அவரை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை.

விடுதலை உணர்வால் அறுவை அரங்கிலும் கதராடையே அணிந்தார். அது ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு இலக்கானது. முழுமையான மருத்துவப் பட்டத்துக்கு மாற்றாக, அதனினும் குறைந்த தகுதிச் சான்றே அவருக்குக் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியும் கிட்டாமையால் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பித்தார். பின்னர் மனைவி சேஷகிரியைப் பிரிந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்புவதாகவே எண்ணம். கணவரை அவ்வம்மையார் மீண்டும் காணவேயில்லை.

பாஸ்டனில் மருத்துவமனையின் கடைநிலை வேலைகளைச் செய்து பிழைத்தபடியே ஹார்வர்டில் பயின்றார். அங்குச் சைரஸ் ஃபிஸ்க் என்பாருடன் சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலுமுள்ள பாஸ்பரசை அளக்க அவர் வகுத்த முறை 1925இல் வெளிவந்தது. எளிய நிறமாற்றத்தை அடிப்படையாகக் கொண்ட அம்முறை இன்றும் ஆய்வுக்கூடங்களில் இருவர் பெயராலும் வழங்குகிறது. அந்த அளவைக் கருவியே அடுத்த கதவுகளைத் திறந்தது எனலாம். 1927இல் பாஸ்போகிரியேட்டினும் 1929இல் அடினோசின் டிரைபாஸ்பேட்டும் (ஏடிபி) தசையிலிருந்து வெளிப்பட்டன. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் ஏடிபியைத் தனியே கண்டறிந்தார். தசைச் சுருக்கத்துக்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று நோபல் பரிசு பெற்றோர் நிறுவியிருந்த கருத்து இதனால் ஆட்டம் கண்டது.

ஓட்டம் நீளும்போது சேமிப்பு தீர்ந்துவிடும். அப்போது சர்க்கரையும் கொழுப்பும் சிதைந்து இரு கரி அணுக்கள் கொண்ட அசெட்டைல் தொகுதியாகின்றன. அதைச் சுமந்துசென்று கிரெப்ஸ் சுழற்சியில் சேர்ப்பது துணைநொதி ஏ. உயிரணுவில் ஏடிபி மிகுந்திருந்தால் சுழற்சி தளர்கிறது. அசெட்டைல் தொகுதி கொழுப்பாக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. ஏடிபி குறைந்தால் சுழற்சி விரைவுறுகிறது. வரவுக்கும் செலவுக்கும் ஏற்ப உயிரணுவே நடத்தும் கணக்கு இது.

இத்துணைநொதியின் உறுப்பான பேன்டோதெனிக் அமிலத்தையும் சுப்பாராவ் ஆராய்ந்தார். எலிகளின் உணவில் அதன் தேவையை ஜார்ஜ் ஹிச்சிங்ஸுடன் 1939இல் எழுதினார். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிலையான பணி தரவில்லை. தம் பங்கை முன்னிறுத்திக்கொள்ளும் வழக்கமும் அவரிடம் இல்லை.

1940இல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. அவருடைய சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. அவர்கள் மறைந்து கால் நூற்றாண்டு கடந்திருந்தது. அவ்வமிலத்துக்கு எதிரியாக அமைக்கப்பட்ட அமினோப்டெரினைக் கொண்டு சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகவேனும் தணித்துக் காட்டினார். யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசின் மாத்திரையும் அவர் குழுவின் பணியே. தமிழ்நாட்டில் வீடுவீடாக வழங்கப்பட்டது அதுதான்.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், நியூயார்க்கில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. பேன்டோதெனிக் அமிலம் துணைநொதி ஏயின் பகுதி என்பதை ஃபிரிட்ஸ் லிப்மன் குழுவினர் அதற்கு முந்தைய ஆண்டுதான் காட்டியிருந்தனர். அசெட்டைல் துணைநொதி ஏயை ஃபியோடர் லைனன் ஈஸ்ட்டிலிருந்து பிரித்தெடுத்தது 1951இல்.