வால்ட்டர் பர்லி கிரிபின்

செஞ்சிக்குச் செல்வோர் முதற்கண் காண்பன இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளாம். அம்மலைகளை மதிலால் ஒன்றோடொன்று பிணைத்து முக்கோண வடிவிற் கோட்டை எடுத்தனர் முன்னோர். மலையே அரணாயிற்று, அடிவாரத்துக் குளங்கள் அணி செய்தன. இவ்வாறு நிலத்தின் இயல்பைத் தழுவி ஊர் சமைக்கும் முறையைத் தம் வாழ்நாள் நெறியாகக் கொண்ட மேலைநாட்டார் ஒருவர், நம் நாட்டு மண்ணிலேயே துயில்கின்றார். அவரே வால்ட்டர் பர்லி கிரிபின்.

அவர் 1876 ஆம் ஆண்டில், அமெரிக்காவில் சிகாகோ நகரின் அருகே பிறந்தார். 1899 இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்திற் கட்டடக்கலையிற் பட்டம் பெற்றார். பின்பு பிராங்க் லாயிட் ரைட் என்னும் பெருங்கலைஞரிடம் சில ஆண்டு பணியாற்றினார். பரந்த சமவெளிக்கு ஏற்பத் தாழ்ந்து நீண்ட கூரைகளையுடைய இல்லங்கள் அங்கே உருவாயின. அப்பணிமனையில் மேரியன் மகோனி என்னும் அம்மையாரும் இருந்தார். பெண்டிர் இக்கலையைக் கற்பதே அரிதாயிருந்த 1894 இல் பட்டம் பெற்றவர் அவர். ஓவியம் வரைவதில் நிகரற்றவர். இருவரும் 1911 இல் மணம் புரிந்துகொண்டனர்.

அவ்வாண்டே ஆஸ்திரேலிய அரசினர், தாம் அமைக்கவிருந்த புதிய தலைநகருக்கு உலகோரிடமிருந்து வரைபடங்களை வேண்டினர். கிரிபின் அந்நிலத்தைக் கண்ணாற் கண்டிலர். மேடுபள்ளங்களைக் காட்டும் படங்களைக் கொண்டே, குன்றுகளை மூலைகளாக வைத்து ஒரு முக்கோணம் வகுத்தார். மொலாங்லோ ஆற்றைத் தேக்கி நடுவே ஏரி அமைக்கக் கருதினார். அக்கருத்தை மேரியன் துணியிலே வண்ண ஓவியங்களாகத் தீட்டினார். நூற்றுக்கு மேற்பட்டோர் போட்டியிட, 1912 இல் கிரிபினே முதற்பரிசு பெற்றார். பரிசு கணவர் பெயருக்கே உரியதாயிற்று; ஓவியங்களை வரைந்த கையை நினைத்தவர் சிலரே. இஃது இரங்கத்தக்கது.

1914 இல் இருவரும் ஆஸ்திரேலியா சென்றனர். ஆயின், அதிகாரிகள் வேண்டிய விவரங்களைத் தாராமலும் திட்டத்தை மாற்ற முயன்றும் இடையூறு விளைத்தனர். 1917 இல் விசாரணைக் குழுவொன்று அவர் குறையில் உண்மை கண்டது. எனினும் பூசல் ஓயவில்லை. 1920 இல் அவர் கான்பெராவின் பணியினின்றும் நீங்கினார். ஏரி அப்பொழுது தாளில் மட்டுமே இருந்தது.

1935 இல் இலக்குமணபுரியாகிய லக்னோவின் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் வகுக்க அவர் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு மேரியனும் வந்து சேர்ந்தார். செய்தித்தாள் நிலையம், பொருட்காட்சிக் கட்டடங்கள், இல்லங்கள் எனப் பணிகள் குவிந்தன. பதினைந்து திங்களே கழிந்திருக்க, வயிற்று நோயுற்று அறுவை மருத்துவம் செய்துகொண்ட அவர், 1937 பிப்ரவரி 11 இல், அறுபதாம் வயதில் மறைந்தார். நூலகம் அவர் வகுத்தவாறு எழவில்லை. லக்னோவில் உள்ள அவர்தம் கல்லறை ஐம்பது ஆண்டுகள் பெயர்க்கல்லின்றிக் கிடந்தது.

மேரியன் சிகாகோவுக்கு மீண்டு, 1961 இல் காலமானார். மூன்றாண்டு கழித்து, 1964 இல் கான்பெராவின் ஏரி நிறைந்தது. அதற்குக் கிரிபினின் பெயரையே இட்டனர். அம்மையார்க்கோ நெடுங்காலம் அவ்வூரில் ஒரு குறியும் இல்லை. 2013 இல், எய்ன்ஸ்லி மலையுச்சியில் நகர் முழுதையும் காணத்தக்க இடத்திற்கு மேரியன் மகோனி கிரிபின் பெயர் சூட்டப்பெற்றது. அங்கு நின்று நோக்குவார்க்குக் கீழே அவ்வேரி தோன்றும்.