எடையைக் குறைத்தார், எல்லோரையும் முந்தினார்!



கார் பந்தயம் என்றாலே அது பணக்காரர் விளையாட்டு என்று ஒதுங்கிவிடுவோம். காசு உள்ளவன் பெரிய இன்ஜினாகப் பார்த்துப் போடுவான், ஜெயிப்பான், அவ்வளவுதானே என்போம். அப்படி இல்லை என்று நிரூபித்துக் காட்டிய ஒரு மனிதரைப் பற்றி இந்த மலரில் எழுத ஆசைப்பட்டேன். அவர்தான் லோட்டஸ் கார்களின் தந்தை காலின் சாப்மன். அவரை முழுக்கப் புகழ்வதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. நம்மைப் போன்ற இன்ஜினியரிங் மாணவர்கள் அவரிடம் கற்க வேண்டியதும் உண்டு, எச்சரிக்கையாக இருக்க வேண்டியதும் உண்டு.

சாப்மன் 1928 மே 19 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். அவருடைய அப்பா லண்டன் ஹார்ன்ஸி பகுதியில் ஒரு மதுவிடுதி நடத்திவந்தார். மகன் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தார். ஆமாம் நண்பர்களே, உலகமே வியந்த கார்களைச் செய்தவர் ஆட்டோமொபைல் படித்தவர் இல்லை, சிவில்காரர்! படிக்கும்போதே நண்பர் ஒருவரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் தொழிலும் செய்தார். போருக்குப் பிந்தைய காலம் அது, பெட்ரோல் ரேஷன். 1947-ல் சொந்த உபயோகத்துக்கான ரேஷனையே அரசாங்கம் நிறுத்தியது. கார் வாங்க ஆள் இல்லை. இருந்ததையெல்லாம் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் விலைபோகாத ஒரு பழைய ஆஸ்டின் செவன் மட்டும் மிஞ்சியது.

வேறு யாராவது என்றால் அதைக் காயலான் கடைக்குப் போட்டிருப்பார்கள். சாப்மன் அதை அக்கு அக்காகக் கழற்றினார். காதலி ஹேசல் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்தான் பட்டறை. பழைய பாடியைத் தூக்கிப்போட்டுவிட்டு, அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் புது பாடி கட்டினார். 1948-ல் முடிந்த அந்த வண்டிதான் முதல் லோட்டஸ். லோட்டஸ் என்றால் தாமரை. காயலான் கடைச் சேற்றில் முளைத்த தாமரை என்று எனக்குத் தோன்றும்!

அடுத்து வந்தது 750 ஃபார்முலா பந்தயம். கையில் காசு இல்லாதவர்களுக்காகவே 750 மோட்டார் கிளப் நடத்தியது. எல்லோருக்கும் அதே 747 சி.சி. ஆஸ்டின் செவன் இன்ஜின்தான். அந்த இன்ஜினில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இரண்டு இன்லெட் வழிகள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே வழியில் பெட்ரோல்-காற்றுக் கலவையை இழுப்பதால் ஒன்றின் பங்கை மற்றொன்று பிடுங்கிக்கொள்ளும். சாப்மன் என்ன செய்தார்? ஒவ்வொரு வழிக்கும் நடுவே ஒரு தடுப்பு வைத்து இரண்டாகப் பிரித்தார். நாலு சிலிண்டருக்கும் தனித்தனி வழி கிடைத்தது. செலவு? ஒரு தகடு, கொஞ்சம் வெல்டிங்! 1951-ல் அவருடைய மூன்றாவது கார் மற்றவர்களைத் திணறடித்தது. கடைசியில் கிளப் விதியை மாற்றி அந்தத் தந்திரத்தையே தடை செய்தது. ஓர் இளைஞனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்?

1952-ல் ஹேசல் கொடுத்த 25 பவுன் கடனில் லோட்டஸ் இன்ஜினியரிங் கம்பெனி தொடங்கியது. இங்கேதான் அவருடைய சிவில் படிப்பு கைகொடுத்தது. கூரை ட்ரஸ்ஸை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சதுரச் சட்டத்தை மூலையில் பிடித்துத் தள்ளினால் கோணிக்கொள்ளும். முக்கோணம் அசையாது. மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டு செய்து அவர் லோட்டஸ் சிக்ஸ் காரின் சேஸிஸைச் செய்தார். அந்தச் சட்டம் மட்டும் சுமார் 25 கிலோ! இரண்டு பேர் வேண்டாம், ஒருத்தரே தூக்கலாம். இன்ஜினும் ஆக்சிலும் சாதாரண ஃபோர்டு காரில் இருந்து எடுத்தவை. முழுக் காராக விற்றால் வரி, பாகங்களாக விற்றால் வரி இல்லை. அதனால் வாங்குபவரே வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி விற்றார். சம்பளக்காரரும் பந்தயத்துக்குப் போக முடிந்தது. 1957-ல் வந்த லோட்டஸ் செவன் இன்னும் எளிமையானது. 1973 முதல் அதைக் கேட்டர்ஹாம் கம்பெனி செய்துவருகிறது. இன்றும் ஓடுகிறது!

எடைமேல் ஏன் இவ்வளவு குறி? கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 கிலோ கார், 100 குதிரைசக்தி இன்ஜின் என்றால் ஒரு குதிரைக்குப் பத்து கிலோ. எடையை 500 கிலோவாக்கினால் 50 குதிரை இன்ஜினே போதும், அதே விறுவிறுப்பு. பவரைக் கூட்டினால் நேர் ரோட்டில்தான் லாபம். எடையைக் குறைத்தால் கிளம்பும்போது லாபம், பிரேக் அடிக்கும்போது லாபம், வளைவில் டயருக்கும் லாபம். வண்டி லேசானால் பிரேக் சின்னதாகலாம், சக்கரம் சின்னதாகலாம், பெட்ரோலும் குறைவு. அதனால் எடை மேலும் குறையும். பெரிய இன்ஜினுக்குக் காசு வேண்டும், எடையைக் கழிக்க மூளை போதும்.

அதே மூளையோடு அவர் கிராண்ட் பிரீ பந்தயத்துக்குப் போனார். 1962-ல் லோட்டஸ் 25. குழாய்ச் சட்டத்தையே விட்டுவிட்டு, அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து, விமானத்தின் உடல்போல பாடியையே சேஸிஸாக்கினார். அந்தக் காரில் ஜிம் கிளார்க் 1963-ல் உலக சாம்பியன். 1967-ல் வந்த லோட்டஸ் 49-ல் இன்ஜினையே சேஸிஸின் பின்பாதியாக்கினார். 1977-ல் லோட்டஸ் 78, அடுத்த ஆண்டு 79. தலைகீழாகக் கவிழ்த்த விமான இறக்கைபோல காரின் அடிப்பகுதியை அமைத்தார். காரைக் காற்றே தரையோடு இழுத்துப் பிடித்தது. காற்று காசா கேட்கும்? 1978-ல் மாரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியனானார். சாப்மன் காலத்தில் லோட்டஸ் வென்ற தயாரிப்பாளர் பட்டங்கள் மொத்தம் ஏழு.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது விளம்பரமாகிவிடும்.

1960-ல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயப் பயிற்சியின்போது ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின்சக்கரம் கழன்று போனது. அவருக்குப் பலத்த அடி. அதே நாளில் இன்னொரு லோட்டஸில் ஸ்டியரிங் தண்டு உடைந்து மைக் டெய்லர் படுகாயமடைந்தார். 1969-ல் ஸ்பெயினில் உயரமான இறக்கைகள் ஒடிந்து, ஒரே பந்தயத்தில் இரண்டு லோட்டஸ் கார்களும் நொறுங்கின. 1970 செப்டம்பர் 5, மோன்ஸா. லோட்டஸ் 72-ல் ஜோகன் ரின்ட் இறந்தார். முன்பக்க பிரேக் ஷாஃப்ட் ஒடிந்ததே தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. தடுப்பு வேலியும் சரியாக இல்லை, அவர் பெல்ட்டையும் முழுதாகப் போடவில்லை. அந்த ஆண்டு உலக சாம்பியன் பட்டம், இறந்துபோன ரின்டுக்கே போய்ச் சேர்ந்தது. பட்டத்தை வாங்க அவர் இல்லை.

எல்லாப் பழியையும் சாப்மன் தலையில் போட முடியாது. அந்தக் காலத்தில் மற்ற கம்பெனிக் கார்களிலும் ஆட்கள் இறந்தார்கள். ஆனாலும் லோட்டஸ் வேகமானது, உடையக்கூடியது என்ற பேச்சு கடைசிவரை போகவில்லை. வகுப்பில் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று மார்க்குக்காகப் படிக்கிறோமே, அந்தச் சின்ன எண்ணுக்குள் ஒரு மனிதனின் உயிர் உட்கார்ந்திருக்கிறது.

1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பால் சாப்மன் காலமானார். வயது 54. டிலோரியன் கார் கம்பெனியின் பண விவகாரத்தில் அவர் பெயரும் அடிபட்ட நேரம் அது. பதில் சொல்ல அவர் இல்லை.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஒரு வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்யலாம். இன்ஜினில் கைவைக்கும் முன் பின்சீட்டைக் கழற்றுங்கள், கார்ப்பெட்டைக் கழற்றுங்கள், ஸ்டெப்னியை இறக்குங்கள். மிஞ்சும் காசை நல்ல டயருக்கும் பிரேக்குக்கும் போடுங்கள். ஆனா ஸ்டியரிங், பிரேக், வீல் ஹப், பெல்ட், இந்த நாலிலும் ஒரு கிராம்கூட மிச்சம் பிடிக்காதீங்க. எங்கே கழிப்பது என்று சாப்மனிடம் கற்போம். எங்கே நிறுத்துவது என்று அவருடைய டிரைவர்கள் கொடுத்த விலையைப் பார்த்துக் கற்போம்!