தோட்டத்துக் கதவைச் சாத்தியவர்



சோதனை என்றதும் பசாசு பயங்கர உருவில் வருமென்று எண்ணுகிறோம். நம்மை நேசிக்கிறவர்களின் கண்ணீரிலும் அது வருவதுண்டு. அர்ச். தாமஸ் மோருடைய சீவியத்தைப் பாருங்கள்.

லண்டனில் பிறந்த இந்த நியாயசாஸ்திரி, 1529-ல் இங்கிலாந்தின் லார்டு சான்சலர் ஆனார். எட்டாம் ஹென்றி அரசன் தன் பத்தினியான கத்தரீனாளைத் தள்ளிவிட்டு ஆன் போலினை மணக்கத் துணிந்தான். தாமஸ் 1532-ல் பதவியை விட்டு விலகி, தேம்ஸ் நதிக்கரையில் செல்சியிலிருந்த தம் வீட்டில் மௌனமாய் வாழ்ந்தார். வருமானம் சுருங்கிற்று.

1534-ல் சத்தியப் பிரமாணச் சட்டம் வந்தது. ஆன் போலினின் பிள்ளைகளைப் பட்டத்துக்கு வாரிசாக ஏற்க அவருக்குத் தடையில்லை. ஆனால் முதல் விவாகம் செல்லாது, பாப்பரசருக்கு அதிகாரமில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளும்படி அந்தப் பிரமாணம் எழுதப்பட்டிருந்தது. மேற்றிராணிமாரில் ஜான் பிஷர் ஒருவர் தவிர மற்றவர்கள் இணங்கினார்கள்.

ஏப்ரல் 13-ந் தேதி தாமஸ் அழைக்கப்பட்டார். காலையில் பாவசங்கீர்த்தனம் செய்து, பூசை கண்டு, நன்மை வாங்கினார். வழக்கமாகக் குடும்பத்தார் படகுத்துறைவரை வந்து வழியனுப்புவார்கள். அன்றோ, ஒருவரும் பின்தொடராதபடி தோட்டத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அவர்களுடைய முகத்தைப் பார்த்தால் தம் மனம் இளகிவிடுமென்று அவருக்குத் தெரியும்.

பிரமாணம் செய்ய மறுத்ததால் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கும் அந்தச் சோதனை விடவில்லை. உயிருக்குயிரான மகள் மார்கரெட், அரசனுக்கு இணங்கும்படி மன்றாடினாள். அவளை ஏவாளுக்கு ஒப்பிட்டுச் சிரித்தார். ஆனாலும், வரப்போகும் பயங்கரங்களைவிட அவளுடைய மன்றாட்டே தம்மை அதிகம் நோகச் செய்ததென்று அவளுக்கே எழுதினார். மனைவி ஆலிஸ் வந்து, வீட்டையும் புத்தகங்களையும் தோட்டத்தையும் நினைப்பூட்டினாள். அவர் அசையவில்லை. பிரமாணம் செய்தவர்களைக் குற்றஞ்சாட்டவுமில்லை. தம் ஆத்துமத்துக்குத் தாமே கணக்குக் கொடுக்க வேண்டுமென்பதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

1535 ஜூலை 1-ந் தேதி மரணத் தீர்ப்பு விழுந்தது. சிறைக்குத் திரும்பும் வழியில் மார்கரெட் ஆயுதந்தாங்கிய காவலர் நடுவே புகுந்து, தகப்பனைக் கட்டித் தழுவினாள். சற்று விலகிப் போனவள் மறுபடியும் ஓடிவந்து தழுவினாள். இம்முறை மனதை மாற்றும்படி கேட்க வரவில்லை. ஆசீர்வாதம் வாங்க வந்தாள். ஜூலை 6-ல் அவர் தலை வெட்டப்பட்டார். 1935-ல் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டர் வரிசையில் சேர்த்தது.

தாய்மாரே, தகப்பன்மாரே! பொய்க் கணக்கு எழுத மாட்டேனென்று வேலையை இழந்து வரும் மகனுக்கோ புருஷனுக்கோ நம் வீட்டில் என்ன வரவேற்புக் கிடைக்கும்? ஊரெல்லாம் செய்கிறதை நீ செய்தால் என்ன என்றா கேட்போம்? வெளியே ஜெயித்து வந்தவனை வீட்டுக்குள்ளே தோற்கடித்துவிடாதிருப்போம். மார்கரெட்டின் முதல் மன்றாட்டை விட்டு, அவளுடைய கடைசித் தழுவலைக் கற்றுக்கொள்வோம்.