தொழுநோய்த் தொண்டர் காக்ரேன்

சென்னை எழும்பூரிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை, கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், சிங்கப்பெருமாள் கோவில் முதலிய ஊர்களைக் கடந்து செங்கற்பட்டை அடைகின்றது. அந்நகரை அடுத்துத் திருமணி என்னும் சிற்றூர் உளது. 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசினர் தொழுநோயாளர்க்கென அங்கு ஒரு மருத்துவ நிலையம் நிறுவினர். ஆளுநராய் விளங்கிய வில்லிங்டன் பிரபுவின் துணைவியார் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. ஸ்காத்லாந்துத் திருச்சபையினர் அதனை ஏற்று நடத்தினர். அந்நிலையத்தின் புகழை உலகெங்கும் பரப்பியவர் இராபர்ட் காக்ரேன் என்னும் மருத்துவர் ஆவார்.

காக்ரேன் 1899ஆம் ஆண்டில் சீன நாட்டில் பிறந்தவர். அவர்தம் தந்தையார் தாமசு காக்ரேன், ஸ்காத்லாந்திலிருந்து சீனம் சென்று, சமயப் பணியோடு மருத்துவப் பணியும் புரிந்தவர். 1900ஆம் ஆண்டில் சீனத்தில் அயல்நாட்டார்க்கு எதிராகப் பெருங்கிளர்ச்சி மூண்டது. அயலார் பலர் உயிரிழந்தனர். அந்நிலையிலும் தந்தையார் தம் பணியைக் கைவிட்டாரல்லர்; பின்னர்ப் பீக்கிங் நகரில் மருத்துவக் கல்லூரி ஒன்று தோன்றுதற்கு அவரே முதற் காரணர் ஆயினார். இத்தகைய குடியிற் பிறந்த மைந்தரும் கிளாசுகோ நகரில் மருத்துவம் பயின்று தேறினார். சொந்த நாட்டிலே பொருளும் புகழும் ஈட்டுதற்குரிய கல்வி கைவந்தும், பிற மருத்துவர் தீண்டவும் அஞ்சிய ஒரு நோயைத் தம் வாழ்நாட் பணியாகத் தேர்ந்துகொண்டு, 1924ஆம் ஆண்டில் இந்தியா வந்தார்.

அந்நாளில் தொழுநோய் உற்றவர் நிலை எத்தகையது என்பதை இக்கால மாணவர் அறிதல் அரிது. ஊரார் இந்நோயைப் பெருவியாதி என்று அழைத்தனர். முன்வினைப் பயன் என்று இகழ்ந்தனர். நோய் கண்ட கணவனை மனைவி வீட்டார் விலக்கினர். நோய் கண்ட மனைவியைக் கணவன் வீட்டார் துரத்தினர். ஊருக்குப் புறத்தே குடிசையிலும், கோயில் வாயிலிலும், சாலையோரத்திலும் அவர்கள் காலங்கழித்தனர். 1898ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, தெருவில் இரக்கும் தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்கவும் இடமளித்தது. அச்சட்டம் 2016ஆம் ஆண்டில்தான் நீக்கப்பெற்றது என்றால், மக்கள் அச்சம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பது விளங்கும். இத்தனைக்கும், இந்நோய் ஒரு நுண்கிருமியால் வருவது என்பதை நார்வே நாட்டு ஆன்சன் 1873ஆம் ஆண்டிலேயே கண்டு கூறியிருந்தார். அறிவு முன்னே செல்ல, அச்சம் அதனைப் பின்பற்ற மறுத்தது.

1930-களின் நடுப்பகுதியில் காக்ரேன் திருமணி நிலையத்தின் தலைமை மருத்துவர் ஆனார். தோலில் தோன்றும் ஒவ்வொரு தேமலையும் ஊன்றி நோக்கி, அதன் விளிம்பும் நிறமும் உணர்ச்சியும் இன்னவை எனக் குறித்து வைப்பது அவர் வழக்கம். தொழுநோயாளர் எல்லாரும் நோய் பரப்புவோர் அல்லர் என்பதும், ஒரு சாராரிடமிருந்தே கிருமி பிறர்க்குச் செல்லுகின்றது என்பதும் அவர் வற்புறுத்திய கொள்கைகள். எல்லாரையும் மதிலுக்குள் அடைத்தல் வேண்டா. நோய் பரப்பும் நிலையில் உள்ளாரை மட்டும் பிரித்து வைத்தல் போதும் என்றார். சிறுவர்பால் அவர் செலுத்திய கருத்துத் தனிச் சிறப்புடையது. பெற்றோரிடமிருந்து பிஞ்சுப் பருவத்திலேயே நோய் தொற்றுதல் மிகுதி என்று கண்டு, குழந்தைகளைக் காப்பதே நோயை ஒழிக்கும் வழி என எடுத்துரைத்தார். தாயினின்று சேயைப் பிரித்து வைத்தல் எளிய செயலன்று. எனினும் அச்சேய் நலமுடன் வளர அதனினும் நல்ல வழி அக்காலத்தில் இல்லை.

மருந்துதான் பெருங்குறையாய் இருந்தது. நம் நாட்டு மருத்துவர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த நீரடிமுத்து எண்ணெயையே மேனாட்டு மருத்துவரும் ஊசி வழியே செலுத்தினர். ஊசி மிக்க வலி தரும். தொடக்க நிலையில் உள்ள சிலர்க்குப் பயன் தந்ததேயன்றி, முற்றிய நோயை அது வென்றதில்லை. 1941ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கார்வில் என்னும் ஊரில் உள்ள தொழுநோய் மருத்துவமனையில், சல்போன் இனத்தைச் சேர்ந்த புரோமின் என்னும் மருந்து நற்பயன் விளைப்பது புலப்பட்டது. ஆயினும் அதனை நாள்தோறும் இரத்தக் குழாயில் செலுத்துதல் வேண்டும்; விலையும் மிகுதி. பல்லாயிரம் ஏழை நோயாளர் உள்ள நாட்டிற்கு அஃது எட்டாக் கனியாயிற்று.

சல்போன் மருந்துகளுக்கெல்லாம் மூலமான பொருள் ஒன்று 1908ஆம் ஆண்டிலேயே செருமனியில் ஆக்கப்பெற்றிருந்தது. பிற்காலத்தில் டாப்சோன் என்று பெயர் பெற்றது அதுவே. மனிதர் உடலுக்கு அது நஞ்சாகும் என்று அஞ்சி மருத்துவர் ஒதுக்கி வைத்தனர். கால்நடை மருத்துவர் மட்டும் பசுக்களுக்கு வரும் மடிநோய்க்கு அதனைப் பயன்படுத்தினர். காக்ரேன் 1946ஆம் ஆண்டையொட்டி அம்மருந்தையே எண்ணெயில் கலந்து, தோலின்கீழ் ஊசியாகச் செலுத்திப் பார்த்தார். பசுவுக்குரிய மருந்தை மனிதர்க்குத் தருவதா என்று எவரும் வினவக்கூடும். அளவு பிழைத்தால் நோயாளிக்கு ஊறு நேரும். மருத்துவர்க்குப் பழி நேரும். தராதிருந்தாலோ, நோய் அவர்களைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். அவர் துணிந்தார். நோயாளர் பலர் உடலில் புண்கள் ஆறின; தடிப்புகள் தணிந்தன. மருந்தின் அளவைக் குறைத்துத் தந்தால் தீங்கு நேராது என்பது தெளிவாயிற்று. பிறகு ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் அறிஞர் அதனை வாய்வழியாகவே கொடுக்கலாம் எனக் கண்டனர். சில காசு விலையுள்ள சிறு மாத்திரை, ஊர் விட்டு ஊர் துரத்தப்பட்டவர்க்கு வாழ்வு அளித்தது. இன்று ஆறு திங்களிலோ ஓராண்டிலோ இந்நோயைத் தீர்க்கும் கூட்டு மருந்து மூன்றனுள் டாப்சோனும் ஒன்று. அக்கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

இதற்கிடையே, ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு நெருக்கடி வந்தது. பட்டப் படிப்புக்கு உரிய தகுதியுடைய ஆசிரியர் போதிய அளவில் இலர். 1944 முதல் 1948 வரை காக்ரேன் அக்கல்லூரியின் முதல்வர் பொறுப்பையும் தாங்கினார். ஆசிரியரைத் தேடிச் சென்ற அவர், கொல்லிமலையில் பிறந்து இலண்டனில் அறுவை மருத்துவம் கற்றிருந்த பால் பிராண்டு என்னும் இளைஞரை வேலூருக்கு வருவித்தார்.

1947ஆம் ஆண்டில் பிராண்டு திருமணிக்கு விருந்தினராய் வந்தார். காக்ரேன் தோல் தேமல்களைக் காட்டி விளக்கிக்கொண்டே சென்றார். பிராண்டின் கண்களோ நோயாளரின் மடங்கிய விரல்களையே நோக்கின. இவை ஏன் இவ்வாறு ஆயின என்று வினவினார். தாம் தோல் மருத்துவரேயாதலால் அதனை அறியக்கூடவில்லை என்றும், எலும்பும் தசையும் கற்றவர்களே விடை கூறல் வேண்டும் என்றும், அத்தகையோர் எவரும் இந்நோயை இதுவரை நோக்கிற்றிலர் என்றும் காக்ரேன் ஒளியாது கூறினார். நாற்பத்தேழு ஆண்டு அகவையும் உலகப் புகழும் உடைய ஒருவர், தம்மினும் இளையவரிடம் தம் கல்வியின் எல்லையைக் கூறியமை எண்ணத்தக்கது. அப்போது ஓர் இளைஞன், தன் காலணியைக் கழற்ற மாட்டாது மடங்கிய விரல்களோடு போராடிக்கொண்டிருந்தான். பிராண்டு அவன் கையில் தம் கையை வைத்து, இறுகப் பற்றுமாறு பணித்தார். வலிவிழந்த கை என்று எண்ணியவர்க்கு, அவன் பிடி தாங்கொணா நோவைத் தந்தது. கையில் வலிமை உளது, உணர்ச்சிதான் இல்லை! சில தசைகள் செயலற்றாலும் வேறு சில நன்னிலையில் இருத்தலை உணர்ந்த பிராண்டு, நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறையைச் சில ஆண்டுகளுள் வேலூரில் வகுத்தார். ஏர் பிடிக்கவும், எழுதுகோல் பிடிக்கவும், தம் கையாலேயே சோறு பிசைந்து உண்ணவும் நோயாளர் மீண்டும் வல்லராயினர்.

1955ஆம் ஆண்டில் இந்திய அரசினர் திருமணி நிலையத்தையும், சென்னைச் சைதாப்பேட்டையில் சிறுவர்க்கென இயங்கிய வெள்ளிவிழா மருத்துவமனையையும் ஏற்று, நடுவண் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக அமைத்தனர். அதே ஆண்டில் வேலூரை அடுத்த கரிகிரியிலும் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. காக்ரேன் தொகுத்த பெருநூல் 1959ஆம் ஆண்டில் வெளிவந்து, பல நாட்டு மருத்துவர்க்கும் கைந்நூல் ஆயிற்று. அறுபது அகவை கடந்த பின்னரும் அவர் ஓய்வை நாடினாரல்லர். தென்னார்க்காட்டு வடதொரசலூரில் இருந்த சிற்றூர் மருத்துவமனைக்கு வந்து, 1960-களில் மீண்டும் தொழுநோயாளரிடையே பணிபுரிந்தார். 1985ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.