தூரிகையை விட்ட தந்தி மேதை

தந்திச் சேவகர் வாசலில் வந்து நின்றாலே வீட்டில் உள்ளவர்களுக்குக் கை நடுங்கும். பிரிப்பதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். நம் நாட்டில் 2013-ம் ஆண்டு வரை தந்தி இருந்தது.

அந்தத் தந்தியை உலகுக்குத் தந்தவர்களில் தலையானவர் சாமுவேல் மோர்ஸ். ஆனால் அவர் ஆசைப்பட்டது வேறு. பெரிய ஓவியர் என்று பெயர் எடுக்கவே விரும்பினார்!

மோர்ஸ் 1791-ல் அமெரிக்காவில் பிறந்தார். தந்தை பாதிரியார். மோர்ஸ் லண்டன் சென்று ஓவியம் கற்றுத் திரும்பினார். 1818-ல் லுக்ரீஷியா என்ற பெண்ணை மணந்தார்.

பிந்தி வந்த கடிதம்

1825-ம் ஆண்டு. தளபதி லாபாயட்டின் படத்தை வரையும் வேலை மோர்சுக்குக் கிடைத்தது. அதற்காக வாஷிங்டன் நகருக்குப் போனார். மனைவி நியூஹேவன் ஊரில் இருந்தாள். பிப்ரவரி 7-ந் தேதி அவள் இறந்துபோனாள். வயது 25தான். அது தெரியாமல் மோர்ஸ் அவளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்! தந்தையின் கடிதம் சில நாள் கழித்தே வந்து சேர்ந்தது. அவர் பதறி ஓடி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

இந்தத் துயரமே தந்தியைக் கண்டுபிடிக்கத் தூண்டியது என்று பலரும் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த யோசனை அவருக்குத் தோன்றியது 7 ஆண்டு கழித்து, 1832-ல், கப்பலில். உடன் வந்த பயணி ஒருவர் மின்காந்தம் பற்றிப் பேச, மோர்சுக்குப் பொறி தட்டியது.

அப்போதும் ஓவிய ஆசை விடவில்லை. பாரிஸ் நகரின் லூவர் காட்சிசாலையைப் பெரிய படமாக வரைந்தார். 2,500 டாலர் எதிர்பார்த்தார். சுமார் 1,300 டாலர்தான் கிடைத்தது. வாஷிங்டன் பாராளுமன்ற மண்டபத்துக்கு ஓவியம் தீட்டும் வேலையாவது கிடைக்கும் என்று நம்பினார். 1837-ல் அதுவும் கைநழுவியது. தூரிகையைக் கீழே போட்டார்.

அரசியலிலும் புகுந்து தோற்றார். பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்கர்களை அவர் வெறுத்தார். அடிமை முறையையும் ஆதரித்தார். இவை அவர் பெயரில் உள்ள கறைகள்.

புள்ளியும் கோடும்

ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் கொடுத்து, எண்ணை மட்டும் கம்பியில் அனுப்புவதே மோர்சின் முதல் திட்டம். அதற்காகப் பெரிய அகராதியே தயாரித்தார்! பிறகு ஆல்பிரட் வெயில் என்ற இளைஞரின் துணை கிடைத்தது. எண்கள் போய், எழுத்துக்கு எழுத்து புள்ளியும் கோடும் வந்தன. ஆங்கிலத்தில் அதிகம் வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி. இன்று கைப்பேசிக்குள் ஓடும் செய்தியும் 0, 1 என்ற இரண்டே குறிகளால் ஆனதுதான்.

1843-ல் சோதனைக்காக 30,000 டாலர் கேட்டார். அப்படியானால் மனோவசியத்துக்கும் பணம் கொடுக்கலாமே என்று சபையில் ஓர் உறுப்பினர் கேலி செய்தார். ஆதரவு 89, எதிர்ப்பு 83. தப்பியது தந்தி! 1844 மே 24-ந் தேதி, வாஷிங்டனிலிருந்து சுமார் 40 மைல் தூரத்தில் உள்ள பால்டிமோருக்குச் செய்தி பறந்தது.

உடனே ஒரு கவலையும் பிறந்தது. கடிதமென்றால் உறைக்குள் ஒட்டி அனுப்பலாம். தந்தியையோ குமாஸ்தா படித்துவிடுவாரே! மோர்சின் கூட்டாளி ஸ்மித், 1845-ல் ரகசியச் சொல் அகராதி ஒன்றை வெளியிட்டார். வியாபாரி விலையையும் சரக்கையும் மறைத்து எழுதலாம். கையில் அதே புத்தகம் உள்ளவருக்கே பொருள் விளங்கும்.

தந்தியை அரசாங்கத்துக்கே விற்க மோர்ஸ் முன்வந்தார். அரசு வாங்கவில்லை. தனியார் கம்பெனிகள் கம்பி இழுத்தன. பணம் கொட்டியது. வழக்குகளும் வந்தன. கூட்டாளி ஸ்மித்தே பகைவரானார். 1854-ல் உச்ச நீதிமன்றம் மோர்சின் உரிமையைப் பெரும்பாலும் ஏற்றது. 1858-ல் ஐரோப்பிய அரசுகள் பல சேர்ந்து 4 லட்சம் பிராங்கு பரிசளித்தன.

ஆனால் செல்வம் வந்த பிறகும் மனக்குறை தீரவில்லை. ஓவியக்கலையைத் தாம் கைவிடவில்லை, அதுவே தம்மைக் கைவிட்டது என்று 1849-ல் எழுத்தாளர் கூப்பருக்குக் கடிதம் எழுதினார்.

1871-ல், தந்தி ஊழியர்கள் காசு சேர்த்து நியூயார்க்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அன்று இரவு கிழவர் கருவியின் முன் அமர்ந்து, தம் பெயரைத் தட்டி உலகுக்கு அனுப்பினார். மறு ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி காலமானார்.

அந்த லூவர் படம் 1982-ல் மீண்டும் விலைக்கு வந்தது. விலை போனது 32 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு!