ஆர்ஸ் கிராமத்துக் குருவானவர் கற்பித்த ஆராதனை



ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறோம். சிலுவை அடையாளம் வரைகிறோம், முழந்தாளிடுகிறோம், எழுந்து நிற்கிறோம். வீடு திரும்பும்போது யாராவது நம்மை நிறுத்தி, இன்று கோவிலில் யாரைச் சந்தித்தீர்கள் என்று கேட்டால் என்ன சொல்லுவோம்? பாட்டைப் பற்றிச் சொல்லுவோம், பிரசங்கத்தின் நீளத்தைப் பற்றிச் சொல்லுவோம். சந்தித்தவரைப் பற்றிச் சொல்ல நமக்கு வாய் வருமா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் பதிலாகக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. ஆகஸ்டு 4-ந் தேதி நாம் திருநாள் கொண்டாடும் அர்ச். வியான்னி அருளப்பரே அவர். அவர் பெரிய சாஸ்திரியல்ல, பேர்போன பிரசங்கியுமல்ல. சிறியதோர் ஊரின் விசாரணைக் குருவானவர். நமக்கு மெத்தவும் நெருங்கியவர்.

பிரான்சு தேசத்தில் லியோன் நகருக்கு அருகேயுள்ள தார்தில்லி என்னும் ஊரில், 1786-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி அவர் பிறந்தார். தாய் தகப்பன் உழவர்கள். வழிப்போக்கரான ஏழைகளுக்கு அந்த வீட்டில் எப்போதும் கஞ்சியும் படுக்க இடமும் உண்டு. சிறுவன் மாடு மேய்த்தான், வயலில் மண்வெட்டி பிடித்தான்.

அவனுக்கு மூன்று வயதானபோது, 1789-ல், பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. பாப்பரசரைவிட்டுப் பிரிக்கும் சட்டத்துக்குக் குருக்கள் சத்தியம் செய்துகொடுக்க வேண்டுமென்று கட்டளை பிறந்தது. மறுத்தவர்கள் ஓடி ஒளிய வேண்டியதாயிற்று. பலர் உயிரையும் இழந்தார்கள். விசுவாசமுள்ள குடும்பங்கள் இரவில் இருட்டிலே நடந்து, யாரோ ஒருவருடைய களஞ்சியத்தில் கூடிப் பூசை கண்டார்கள்.

1799-ல் அவனுக்குப் பதின்மூன்று வயது. எக்குல்லி என்னும் பக்கத்து ஊரிலே ஒரு வீட்டில் புதுநன்மை வாங்கினான். சில பிள்ளைகள் மாத்திரமே கூடியிருந்தார்கள். ஜன்னல்களுக்கு வெளியே வைக்கோல் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஆட்கள் வைக்கோல் இறக்குவதுபோல் பாவனை செய்தார்கள். உள்ளே எரியும் மெழுகுதிரி வெளிச்சம் தெருவிலே தெரியக்கூடாது அல்லவா! வானமும் பூமியும் கொள்ளாத சர்வேசுரன், வைக்கோலுக்குப் பின்னே ஒளிந்து தன்னிடம் வந்ததை அந்தப் பையன் கண்டான். பெத்லேகேமிலும் அவர் வந்து கிடந்தது மாட்டுத் தீவனத் தொட்டியில்தானே? கடவுள் தம்மைக் காட்டுகிற விதம் இதுதான் என்று அன்று படித்த பாடத்தை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

குருவாக வேண்டுமென்ற ஆசை பிறந்தது, படிப்போ ஏறவில்லை. இருபதாவது வயதில், எக்குல்லி விசாரணைக் குருவாகிய பாலே சுவாமியாரிடம் இலத்தீன் படிக்கத் தொடங்கினார். தம்மைவிட மிகச் சிறிய பிள்ளைகள் பக்கத்திலே உட்கார்ந்து எளிதாய் ஒப்பித்த பாடம் இவர் தலையில் நிற்கவில்லை. நடுவிலே பட்டாளத்துக்கு ஆளெடுப்பு வந்தது. நோய்ப்பட்டுத் தம் படையை விட்டுப் பிந்தியவர், மலைப்பக்கத்துக் கிராமமொன்றில் மறைந்து வாழ நேரிட்டது. திரும்பி வந்து குருமடத்தில் சேர்ந்தால், லியோன் குருமடம் அவரைப் படிப்புப் போதாதென்று அனுப்பிவிட்டது. பாலே சுவாமியார் அவருக்காக மன்றாடினார். கடைசியில் மேற்றிராசனத்துப் பெரியவர்கள் அவருடைய படிப்பைவிட்டு, அவருடைய பக்தியைப் பற்றி விசாரித்தார்கள். அதில் அவருக்கு நிகர் யாருமில்லை என்று கேட்டு இணங்கினார்கள். 1815-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி கிரெனோபிள் நகரில் அவர் குருப்பட்டம் பெற்றார். அப்போது வயது 29.

1818 பெப்ருவரியில் ஆர்ஸ் என்னும் கிராமத்துக்கு அவரை அனுப்பினார்கள். மொத்தம் 230 பேர் வாழ்ந்த ஊர். புரட்சிக் காலத்திலே பூசையும் ஞானோபதேசமும் நின்றுபோயிருந்தபடியால், ஒரு தலைமுறையே சர்வேசுரனை மறந்து வளர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வயலில் வேலை நடக்கும், சாராயக்கடை நிறைந்திருக்கும், கோவில் காலியாயிருக்கும்.

நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? கூட்டம் போட்டிருப்போம், வீடு வீடாய்ச் சென்று கண்டித்திருப்போம். கண்டிப்பான பிரசங்கம் அவரும் செய்யாமலில்லை. ஆனால் முதலில் அவர் செய்தது வேறு. விடியுமுன்னே கோவிலைத் திறந்து, நற்கருணைப் பேழையின் முன் தனியாக முழந்தாளிட்டார். வேலைக்குப் போகிறவர்கள் இருட்டிலே கோவில் ஜன்னலில் வெளிச்சத்தைப் பார்த்தார்கள். மாலையில் திரும்பும்போதும் அதே இடத்தில் அவரைக் கண்டார்கள். மக்களில்லாத கோவிலில் இவர் யாரோடு இவ்வளவு நேரம் இருக்கிறார் என்ற கேள்வி ஊரிலே மெதுவாக எழுந்தது. அந்தக் கேள்விதான் ஆர்ஸ் மக்களைக் கோவிலுக்குள் அழைத்துவந்தது.

இன்னொன்றும் கண்டார்கள். குருவானவரின் அங்கி ஒட்டுப்போட்டது. உணவு, ஒரே தடவையாய் அவித்து வைத்த உருளைக்கிழங்கு, நாள்பட்டுப் பூசணம் பிடித்தாலும் அதுவே. அப்படிப்பட்டவர் பீடத்துக்கென்றால் லியோன் நகர்வரை சென்று, உள்ளதில் சிறந்த பூசை உடுப்புகளை வாங்கிவருவார். தமக்கு ஒன்றும் வேண்டாம், ஆண்டவருக்கு எல்லாம் வேண்டும் என்ற கணக்கு அது. ஆனால் அந்தக் கணக்கில் ஏழைகளை அவர் மறந்துவிட்டாரென்று எண்ண வேண்டாம். 1824-ல் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். அதுவே பிறகு அநாதைப் பிள்ளைகளின் இல்லமும் ஆயிற்று. பீடத்தில் வணங்கிய சேசுநாதரையே அந்தப் பிள்ளைகளிடத்திலும் அவர் கண்டார்.

அவ்வூரில் ஓர் உழவர் இருந்தார். வயலுக்குப் போகும் வழியில் மண்வெட்டியைக் கோவில் வாசலில் சாய்த்துவைத்துவிட்டு உள்ளே வருவார். கையில் புத்தகமில்லை, உதடும் அசையாது. பேழையைப் பார்த்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருப்பார். குருவானவர் ஒருநாள் விசாரித்தபோது, தாம் ஆண்டவரைப் பார்ப்பதாகவும், ஆண்டவர் தம்மைப் பார்ப்பதாகவும் அந்த மனிதர் தெரிவித்தார். வேறொன்றும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வியான்னி சுவாமியார் இதைப் பிற்காலத்தில் ஞானோபதேசத்தில் சொல்லும்போதெல்லாம் கண்ணீர் விடுவார். வேதசாஸ்திரிகள் பெரிய நூல்களில் எழுதுவதை ஒரு குடியானவர் பார்வையாலே கற்றுக்கொண்டார் அல்லவா?

ஆண்டுகள் சென்றன. அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத் தேசமெங்குமிருந்து மக்கள் திரண்டார்கள். நள்ளிரவு கழிந்ததும் எழுந்து பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காருவார். பதினாறு, பதினேழு மணி நேரம் அங்கேயே கழியும். பேர் பரவப் பரவ, அக்கம்பக்கத்துக் குருக்கள் சிலருக்கு மனத்தாங்கல் உண்டாயிற்று. படிப்பில்லாத இவர் ஆத்துமங்களை நடத்தத் தகாதவர் என்று மேற்றிராணியாருக்கு விண்ணப்பம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அந்தக் கடிதம் தவறுதலாக இவர் கைக்கே வந்துசேர்ந்தது. வாசித்துப் பார்த்தார். தாமும் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்! 1852-ல் மேற்றிராணியார் அவருக்குக் கௌரவ மேலாடை அணிவித்தபோது, அதை 50 பிராங்குக்கு விற்று, பணத்தைத் தர்மக் காரியத்துக்குச் செலவிட்டார்.

இவருக்குச் சோதனை இல்லையென்று நினைக்காதேயுங்கள். தாம் இந்த வேலைக்குத் தகுதியற்றவர் என்ற எண்ணம் அவரை விடாமல் வாட்டியது. எங்காவது தனிமையில் போய்த் தம் பாவங்களுக்காக அழ வேண்டுமென்று ஏங்கினார். 1843-ல் ஆர்ஸை விட்டுத் தம் பிறந்த ஊருக்கே போய்விட்டார். சில நாளில் திரும்பிவந்தார். 1853-ல் இரவிலே மறுபடி புறப்பட்டபோது, ஊரார் மணியடித்துக் கூடி வழிமறித்தார்கள். அவர் திரும்பிவந்து மறுபடி தொட்டியில் உட்கார்ந்தார். ஆண்டவர் எங்கே வைத்தாரோ அங்கே இருப்பதுதான் அவருக்கு அமைந்த தாழ்ச்சி. தம் விருப்பத்தின்படி தனிமையில் அழுவதைவிட அது கடினம்.

கடைசிக் காலத்தில் பல் விழுந்து, குரல் மங்கி, அவர் பேசுவது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. பிரசங்கத்தின் நடுவிலே நற்கருணைப் பேழைப் பக்கம் திரும்புவார். கையை அங்கே நீட்டுவார். பேச்சு நின்று கண்ணீர் வரும். வார்த்தை கேட்காதவர்களுக்கும் பிரசங்கம் விளங்கியது.

41 ஆண்டுகள் ஒரே விசாரணையில் உழைத்து, 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி விடியுமுன், தமது 73-வது வயதில் ஆண்டவரிடம் சென்றார். பாப்பரசர் 11-ம் பத்திநாதர் 1925-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி அவருக்கு அர்ச்சிஷ்டர் பட்டம் அளித்தார்; 1929-ல் உலகமெங்குமுள்ள விசாரணைக் குருக்களுக்குப் பாதுகாவலராக அவரை ஏற்படுத்தினார்.

பிரியமான வாசகரே, சர்வேசுரனை நாம் தேடிக் கண்டுபிடித்ததாக எண்ணுகிறோம். அவரல்லவோ முதலில் இறங்கிவந்து தம்மைக் காட்டினார்? தொழுவத்தில் காட்டினார், சிலுவையில் காட்டினார், அப்ப வடிவத்தில் நாள்தோறும் காட்டுகிறார். இவ்வளவு தாழ்ந்து வந்தவரை நிமிர்ந்து நின்றுகொண்டு பார்க்க முடியாது. நாமும் குனிந்தால்தான் தெரியும். கண்டவன் அன்பில்லாமல் எழுந்திருக்கவும் முடியாது.

ஆகையால் வரும் ஞாயிறு ஐந்து நிமிடம் முந்தி வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிவாருங்கள். வீட்டுக் கவலையையும் கடைக் கணக்கையும் அந்த உழவரின் மண்வெட்டிபோல் வாசலில் சாய்த்துவையுங்கள். யாரும் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். உள்ளே முழந்தாளிட்டு, ஒன்றும் கேளாமல், சற்று நேரம் அவரைப் பாருங்கள். அவர் உங்களை முன்னமே பார்த்துக்கொண்டிருக்கிறார். திரும்பிப் போகும்போது, உங்கள் தெருவில் பசித்திருப்பவரையும், நீங்கள் பேசாமல் விட்ட உறவினரையும் அதே கண்ணால் பாருங்கள். அப்போது, இன்று யாரைச் சந்தித்தீர்கள் என்று யாராவது கேட்டால், பதில் உங்கள் முகத்திலேயே இருக்கும்.